கோர்ட் கலையும் வரை

அறந்தாங்கி
12-2-2025

அன்புள்ள சொர்ணம்,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே எழுதக் காரணம், அடுத்ததைப் படித்ததும் நீ பதறுவாய் என்பதுதான். போன புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஆவுடையார்கோவிலிலிருந்து திரும்பும் வழியில், பெட்ரோல் பங்கு வாசலில் நம் காரும் ஒரு மொபெட்டும் மோதிவிட்டன. மொபெட்டில் வந்தவர் ஆரோக்கியதாஸ், கோட்டைப்பட்டினத்து மீன் வியாபாரி. மீனை விற்றுவிட்டுக் காலிப் பெட்டியோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்திருக்கிறார்கள்.

இந்த மொபெட்காரர்களின் வேகம் உனக்குத் தெரியாததல்ல. லைசென்ஸ், இன்சூரன்ஸ் என்று ஒரு காகிதமும் கையில் வைத்திருக்க மாட்டார்கள். சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையெழுத்து கோணினாலும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவள் நான். எனக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்?

தூரப் பயணத்துக்கு வந்து ஓட்டிக்கொடுக்கும் ஆனந்தராஜை உனக்கு நினைவிருக்கும். ஆறடி உயரம், நம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வானே, அவன்தான். போலீஸ் பதிவில் கார் ஓட்டியவர் என்று அவன் பெயர் இருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதாக வழக்கு. ஜாமீன் ஸ்டேஷனிலேயே கிடைத்துவிட்டது. குவைத்தில் டிரைவர் வேலைக்கு ஆறு மாதமாக முயன்று, இப்போதுதான் அவனுக்குக் கூடிவந்திருக்கிறது. வக்கீல் ஆத்மநாதன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

எனக்கு வலது தோளில் பெல்ட் இழுத்த இடம் கன்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

உன் காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றினாயா? கடிதமாகவே பதில் எழுது. போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. செல்போனின் பொடி எழுத்து எனக்கு ஒத்துவருவதில்லை.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி


ஓசூர்
20-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொர்ணம் எழுதுவது. இங்கே குளிர் விட்டுவிட்டது. முழங்கால் என் சொல்பேச்சு கேட்கிறது, காதுதான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். "பெரியம்மா விபத்தைக்கூட ரெஜிஸ்டர் பண்ணின மாதிரி எழுதியிருக்காங்க" என்றாள். அடிக்க வேண்டும் அவளை.

தோளுக்கு மஞ்சள் பற்றுப் போடுங்கள். அந்த மீன்காரர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அவர் படுத்துவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? நீங்கள் அதை எழுதவில்லை.

நான் தைத்துக் கொடுத்த குஷன் தப்பித்ததா? ஒன்பது மல்லிகைப் பூப் போட்டுப் பத்து நாள் உட்கார்ந்து தைத்தது. அது இல்லாவிட்டால் ஸ்டீயரிங்குக்கு மேலே உங்களுக்குத் தெரிவது வானம் மட்டும்தானே.

அன்புடன்,
சொர்ணம்


அறந்தாங்கி
9-3-2025

அன்புள்ள சொர்ணம்,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, பார்த்தாகிவிட்டது.

முதல் கடிதத்தில் நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். ஆரோக்கியதாஸின் காகிதங்கள் அத்தனையும் சரியாக இருந்தன. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மீன்பெட்டியின் மூடிக்குள் செருகி வைத்திருக்கிறார். ஸ்டேஷனில் பார்த்தேன். மீன் நாற்றம் அடித்தது, ஆனால் ஒரு தேதி தவறவில்லை. ஹெல்மெட்டும் போட்டிருந்தார். தவறாக எழுதியதற்கு வருந்துகிறேன்.

அவர் சார்பில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆத்மநாதன் சொன்னது இது: "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஓட்டுனவருக்கு லைசென்ஸ் இருக்கு. கம்பெனி குடுத்துட்டுப் போகப் போறான். நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே போதும்மா."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. உனக்கே தெரியும்.

மருமகளை அடிக்காதே. அவள் சொன்னது பாராட்டு.

பிரகதீஸ்வரி


ஓசூர்
16-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒரே ஒரு சந்தேகம்.

ஆனந்தராஜ் ஓட்டும்போது நீங்கள் பின் சீட்டில் இடது ஓரம்தான் உட்காருவீர்கள். நேற்று மகனுடைய காரில் அதே இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுப் பார்த்தேன். அது இடது தோளில் வருகிறது. உங்களுக்குக் கன்றியது வலது தோள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

குஷனைப் பற்றியும் பதில் இல்லை.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்.

சொர்ணம்


அறந்தாங்கி
27-4-2025

அன்புள்ள சொர்ணம்,

பதில் தாமதம். உடம்பால் அல்ல.

நேற்று மளிகைக்கடையில் ஆனந்தராஜின் மனைவி கலைமதியைப் பார்த்தேன். "குவைத் விஷயம் எந்த அளவில் இருக்கு?" என்று கேட்டேன். முதலில் "இருக்கும்மா" என்று பருப்பைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேஸு நிக்கிற வரைக்கும் போலீஸ் கிளியரன்ஸ் தர மாட்டாங்களாம்மா. அது இல்லாம அங்கிட்டு வேலைக்குச் சேர முடியாதாம். ஏஜெண்டு ஆகஸ்டு வரைக்கும்தான் பாப்பேன், அப்புறம் வேற ஆளுங்கிறாரு. ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு இவரு சத்தியம் வாங்கியிருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் குஷன் பத்திரமாக இருக்கிறது.

பிரகதீஸ்வரி


ஓசூர்
3-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை.

அன்றைக்குக் காரை ஓட்டியது யார்?

சொர்ணம்


அறந்தாங்கி
1-6-2025

அன்புள்ள சொர்ணம்,

உன் கடிதத்தை நான்கு வாரம் பீரோவில் வைத்திருந்தேன். உன் குஷனும் அங்கேதான், பட்டுப் புடவைகளுக்கு அடியில்.

நான்தான் ஓட்டினேன். காரில் வேறு யாரும் இல்லை. பெட்ரோல் போட வலது பக்கம் திருப்பினேன். எதிரே வந்த மொபெட்டை நான் பார்க்கவில்லை. எனக்கு முதலில் கிடைத்தது சத்தம்தான். இறங்கிப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஒங்களுக்கு ஒன்னும் அடி படலையேம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை.

பங்கிலிருந்தவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். நான் ஆனந்தராஜைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் பைக்கில் வந்து சேர்ந்தான். "லைசென்சை எடுங்கம்மா" என்றான். கொடுத்தேன். பார்த்துவிட்டு அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போன நவம்பர் பதினேழோடு அது முடிந்திருந்தது.

"அம்மா, நீங்க அங்கிட்டு நெழல்ல போயி உக்காருங்க. நான் ஓட்டுனேன்னு சொல்லிர்றேன். இது எல்லாரும் பண்றதுதான். எனக்கு லைசென்ஸு இருக்கு, ரெண்டு தடவ கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தா தீந்துச்சு" என்றான்.

நான் நிழலில் போய் உட்கார்ந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வயதான அம்மா, பின் சீட்டில் இருந்திருப்பார் என்று அவராகவே எழுதிக்கொண்டார். பங்கிலிருந்தவர்களும் பேசவில்லை. நான் பொய் சொல்லவில்லை, சொர்ணம். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே நான்கு மாதம் தூங்கினேன். ஆனால் ஆனந்தராஜ் தன் காலுக்கு ஏற்ப சீட்டைப் பின்னால் தள்ளியபோது, குஷனை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டது நான். அதைச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

லைசென்சைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். அடுத்தவர் பத்திரத்தில் தேதி பார்த்தே பிழைத்தவளின் லைசென்சில் தேதி போய்விட்டது. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் இவ்வளவும்.

நாளை ஆத்மநாதனைப் பார்க்கப் போகிறேன். ஆகஸ்டுக்குள் ஆனந்தராஜின் பெயர் அந்த வழக்கிலிருந்து வெளியே வர வேண்டும்.

பிரகதீஸ்வரி


ஓசூர்
7-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அழவில்லை, கவலைப்படாதீர்கள்.

போலீசுக்குப் போகும் முன் அந்த மீன்காரர் வீட்டுக்குப் போங்கள். அவர்தான் முதலில் கேட்டார், முதல் பதில் அவருக்கு.

மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மூன்று பேரக்குழந்தைகளுக்கும் நட்சத்திரம் எனக்கு நினைவில்லை, உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒரு தேதியை மறந்தீர்களா? என்னால் நம்ப முடியவில்லை.

சொர்ணம்


அறந்தாங்கி
20-7-2025

அன்புள்ள சொர்ணம்,

நன்றாக இருக்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகு இந்த வரியை யோசிக்காமல் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீ சொன்ன வரிசைப்படியே செய்தேன். பஸ்ஸில் கோட்டைப்பட்டினம் போனேன். ஆரோக்கியதாஸின் மனைவி சந்தனமேரி வாசலில் நின்று நான் சொன்னதைக் கேட்டார். முடிப்பதற்குள் குறுக்கிட்டார்.

"இதச் சொல்லத்தான் பஸ்ஸேறி வந்தீங்களா? எங்களுக்கு அன்னைக்கே தெரியும். அடிபட்டு விழுறப்ப இவரு கடைசியாப் பாத்ததே ஸ்டீயரிங்குக்கு மேல ஒங்க மூக்குக்கண்ணாடியத்தான்."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? லைசென்சு உள்ள ஆளு ஓட்டுனதா இருந்தாத்தான் கம்பெனிக்காரன் தகராறு பண்ணாம குடுப்பான்னு எங்க வக்கீலு சொல்லிட்டாரு. ஒங்களுக்கு மனசு லேசாகணும், அதுக்கு உண்மையச் சொல்லிட்டு நீங்க கெளம்பிருவீங்க. எங்களுக்கு வர்றது நின்னுபோச்சுன்னா? அஞ்சு மாசமா நான் ஒத்தையில பெட்டி தூக்குறேன்."

எனக்கு உறைத்தது. நான் வெட்கத்தைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர, இதை யோசிக்கவில்லை. ஆத்மநாதனிடம் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். இப்படிப்பட்ட வழக்குகளில் கம்பெனி முதலில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு அதைக் கார் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கோர்ட்டுகள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றனவாம். அப்படி வராவிட்டாலும் கோர்ட் சொல்லும் தொகையை நானே தருவேன், அதற்கு என் வீட்டு மனை பொறுப்பு என்றேன்.

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மேரி, அந்தம்மாவ உக்காரச் சொல்லு. எழுதித் தருவாங்களான்னு கேளு."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பிரதி. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடச் சொன்னேன். அவர் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டார், மறுபடி போட வைத்தேன். அப்போதுதான் சந்தனமேரி சிரித்தார். "நீங்க அன்னைக்கு ரோட்டையும் இப்புடிப் பாத்திருக்கலாம்" என்றார்.

அடுத்து ஸ்டேஷன். நான்கு பக்க வாக்குமூலம், வரிக்கு வரி எண் போட்டது. இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார்ஜ்ஷீட் போடப் போற நேரத்துல வந்து நிக்கிறீங்களேம்மா. வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"நான்தான் பெரியவ" என்றேன்.

பொய் சொன்னதற்காக ஆனந்தராஜ் மேலேயும் நடவடிக்கை வரும் என்றார். அவன் என் பொருட்டுச் சொன்னான், அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன், அதையும் என் கணக்கில் எழுதுங்கள் என்றேன். குஷனை மேசைமேல் வைத்தேன். சீட்டை முன்னால் இழுத்து, குஷனைப் போட்டு, ஆனந்தராஜை உட்காரச் சொல்லிப் பாருங்கள், முட்டி ஸ்டீயரிங்குக்கு மேலே நிற்கும் என்றேன். ஒரு கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பங்கின் கேமராப் பதிவையும் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் அவனைச் சாட்சியாக்கி, குற்றவாளி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

மறந்துவிட்டேன் என்று எழுதியதை அடித்துவிடு. நவம்பர் பதினேழைக் காலண்டரில் வட்டமே போட்டு வைத்திருந்தேன். புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். போன தடவை தெருமுனை டாக்டர் என்னை நிமிர்ந்தே பாராமல் கையெழுத்துப் போட்டார். இப்போது அங்கே வந்திருக்கும் பெண் என்னைப் போலக் கண்டிப்பானவள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாள். மூன்றாம் வரிக்குக் கீழே எனக்குப் புகைதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஓட்டினேன்.

அடுத்த மாதம் வலது கண்ணுக்கும், அக்டோபரில் இடது கண்ணுக்கும் ஆபரேஷன்.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி


அறந்தாங்கி
18-12-2025

அன்புள்ள சொர்ணம்,

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகின்றன. சொட்டு மருந்தும் நின்றுவிட்டது. நீ வந்து ஒன்றரை மாதம் கூட இருந்ததை மறக்க மாட்டேன். குழம்பில் புளி அதிகம் என்பதையும்.

ஆனந்தராஜ் அங்கே நன்றாக இருக்கிறான். ஏஜெண்டு செப்டம்பர் வரை பொறுத்தது புண்ணியம். பாலைவனத்தில் ஒரு பெரிய வண்டியின் முன்னால் நின்று போட்டோ அனுப்பியிருந்தான். கீழே, "அம்மா, இங்க சீட்டு எனக்குப் பத்துது" என்று எழுதியிருந்தான். கண்ணாடி போடாமல் படித்தேன்.

நேற்று கோர்ட். மாஜிஸ்திரேட் ஒரு பெண், முப்பது வயதுதான் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பத்து மாதம் யோசித்துவிட்டேன் என்றேன். அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் என்று தீர்ப்பு.

சிறை என்றதும் ஆத்மநாதனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து சொன்னார். "ஜெயிலுக்கெல்லாம் இல்லம்மா. சாயங்காலம் கோர்ட்டு கலையிற வரைக்கும் இந்த ஹாலை விட்டு வெளிய போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

பெஞ்சு கட்டை பெஞ்சு. நல்லவேளை, உன் குஷனைக் கொண்டுபோயிருந்தேன். பதினொன்றரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் போலீஸ் டீ கொண்டுவந்தாள். தண்டனைக் கைதிக்கு டீ உண்டா என்று கேட்டேன். "ஆறிப்போகும், குடிங்கம்மா" என்றாள்.

பிற்பகலில் ஆரோக்கியதாஸ் ஊன்றுகோலோடு வந்தார். நஷ்டஈட்டு வழக்கு விஷயமாக வந்தவர், என்னைப் பார்த்ததும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பிப்ரவரியில் அவர் கேட்டதற்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். "எனக்கு ஒன்னும் அடி படலை. ஒங்களுக்குத்தான் பட்டுச்சு. என்னால" என்றேன். அவர் தலையாட்டினார். அப்புறம் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட் கலையும் வரை அங்கேயே இருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இடையில் ஒரு தடவை எழுந்து நின்றபோது குஷனைப் பார்த்தேன். மூலையிலிருக்கும் பூவுக்கு நாலே இதழ்தான் இருக்கிறது. மற்ற எட்டுக்கும் ஐந்து. மறுபடி எண்ணினேன். எண்ணுவதற்கு நேரம் நிறைய இருந்தது. இத்தனை வருடம் இது என் கண்ணில் படவில்லை. கான்வென்டில் எம்ப்ராய்டரிக்குப் பரிசு வாங்கியவள் நீ. இது எப்படி?

பிரகதீஸ்வரி


ஓசூர்
26-12-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொர்ணம் நலம். தூக்கம்தான் இரண்டு நாளாக இல்லை.

அந்தப் பூவின் கடைசி இதழுக்கு நூல் தீர்ந்துவிட்டது. கடையில் அதே வெள்ளை கிடைக்கவில்லை. அப்படியே பார்சல் கட்டிவிட்டேன். அக்கா கண்ணில் முதலில் அதுதான் படும், இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதுவார் என்று காத்திருந்தேன். நீங்கள் எழுதிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஒரு குறைகூட இல்லை, சொர்ணம்" என்று எழுதியிருந்தீர்கள்.

என் வாழ்நாளில் நீங்கள் என்னிடம் குறை சொல்லாத ஒரே பொருள் அதுதான். அன்றைக்கே எனக்குப் புரிந்தது, அக்காவுக்குக் கண் மங்குகிறது என்று. ஆறு வருடத்துக்கு முன்பே. சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பாராட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை.

நான் அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மனிதரின் கால் நன்றாக இருந்திருக்கும். அந்த பெஞ்சில் எனக்கும் இடம் உண்டு.

சொர்ணம்


அறந்தாங்கி
6-1-2026

அன்புள்ள சொர்ணம்,

தூங்கு. முதலில் அது.

தீர்ப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. நகல் வாங்கிச் சரிபார்த்துவிட்டேன், எழுத்துப் பிழை இல்லை. அதில் உன் பெயரைச் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். நீ அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன். ஒரு வருடம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், காரும் ஓட்டியிருப்பேன்.

கண்டிப்பான டாக்டர் பெண் கடைசி வரி வரை படிக்க வைத்துச் சான்றிதழ் கொடுத்தாள். லைசென்ஸ் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதால் புதுப்பிக்க முடியாது. முதலிலிருந்து எல்.எல்.ஆர். எடுத்து, எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எடுத்துவிட்டேன். காரின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் உட்கார்ந்திருக்க, தினமும் காலையில் மைதானத்தில் ஓட்டுகிறேன். வலது பக்கம் திரும்பும் இடத்தில் அவர் சொல்லும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறேன். "யாரும் வரலைம்மா, போங்க" என்கிறார். நான் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

சந்தனமேரி மீன் கொண்டுவந்தபோது எல் போர்டைப் பார்த்துவிட்டார். "ரோட்டுக்கு வர்ற அன்னைக்கு முன்னாடியே சொல்லிருங்க. இவர வீட்ட விட்டு எறக்க மாட்டேன்" என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆரோக்கியதாஸ் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாராம்.

பரீட்சை அடுத்த புதன்கிழமை. குஷனை எடுத்துப் போகிறேன். அந்த ஐந்தாவது இதழை நேற்று நானே தைத்துவிட்டேன். நூல் வேறு வெள்ளை. எட்டி நின்று பார்த்தாலும் தெரிகிறது. தெரியட்டும்.

உன் அக்கா,
பிரகதீஸ்வரி